எப்படி முழிப்பீர்கள் என்று கேட்காத நாள்

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் மாதத்துக்கு ஒரு தடவையாவது பழைய ஆபீசிலிருந்து போன் வருகிறது. "சார், சென்னையில ஒரு நல்ல ஹோட்டல் சொல்லுங்க" என்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் போனிலேயே முந்நூறு ஹோட்டல் வருகிறது. படத்தோடு வருகிறது, நட்சத்திரத்தோடு வருகிறது, தங்கிப் போனவர்களின் புலம்பலோடும் வருகிறது. அப்புறமும் எனக்குத்தான் போன். "யாரு போறா?" என்று கேட்பேன். "அது எதுக்கு சார், பேரை மட்டும் சொல்லுங்க" என்பார்கள். வெறும் பேரை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது, ஆளைச் சொன்னால்தான் ஹோட்டல் சொல்ல முடியும். பெரிசு ஆரம்பிச்சிட்டு என்று பக்கத்தில் இருப்பவரிடம் கண்ணைக் காட்டுவார்கள் என்று தெரியும். காட்டட்டும். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் மாதாமாதம் தொண்டைத் தண்ணீர் வற்ற வேண்டாம்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். வீடு முத்தையாபுரம். பி.காம் முடித்ததும் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை. நாலு வருடம் வெயிலில் நின்றேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆபீசுக்குள் கூப்பிட்டு, கப்பல் ஊழியர்களின் பயண ஏற்பாடு பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். கப்பலில் ஏறப் போகிறவர், இறங்கி வருகிறவர், பரீட்சைக்கு, மருத்துவச் சோதனைக்கு, விசாவுக்கு என்று சென்னைக்கும் மும்பைக்கும் போகிறவர் எல்லோருக்கும் டிக்கெட்டும் அறையும் போடுவது என் வேலை. டிக்கெட் போடுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். அறை போடுவதைக் கற்றுக்கொண்டேன் என்று இன்றைக்கும் தைரியமாகச் சொல்ல மாட்டேன்.

அந்த மேசைக்கு மேலதிகாரி ஞானராஜ் சார். நாசரேத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பார், அதை எடுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் மேசைக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதன் கீழ்த்தட்டு முழுக்க அட்டைகள். ஒரு ஹோட்டலுக்கு ஓர் அட்டை. ஆபீசிலிருந்து யார் சொந்த வேலையாகச் சென்னைக்குப் போனாலும் இரண்டு ஹோட்டலுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்து அட்டை எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கல்யாணத்துக்குப் போனவனும் எழுத வேண்டும், கருமாதிக்குப் போனவனும் எழுத வேண்டும். இதற்காக அவரைத் திட்டாத ஆள் ஆபீசில் கிடையாது.

நான் முதலில் எழுதிய அட்டையில், 'சுத்தமான அறைகள், நல்ல கவனிப்பு, கார் நிறுத்த இடம் உண்டு' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது ஹோட்டல்காரன் சொல்லுதது. நீரு என்ன பாத்தீரு?"

என்ன பார்க்க வேண்டும் என்பதை அவரோடு ஒரு தடவை சென்னைக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன். வரவேற்பில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசுவார், வாசலில் நிற்கும் காவலாளியிடம் பத்து நிமிடம் பேசுவார். காலை ஏழு மணிக்கு ஆட்டோ கிடைக்குமா, மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்குமா, பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா என்று கேட்பார். அறைக்குள் போனால் கட்டிலைப் பார்க்க மாட்டார். குழாயைத் திறந்துவிட்டு, வெந்நீர் வரும் வரை கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஜன்னலைத் திறந்து எந்தத் திசை என்று கேட்பார். தலையணையைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். பரீட்சைக்குப் போகும் பையன்களை ஏழு பேராகச் சேர்த்து மும்பைக்கு அனுப்பும்போது, குளியலறையில் பக்கெட் எத்தனை என்று எஸ்.டி.டி. போட்டுக் கேட்டவர் அவர். ஒரு பக்கெட் என்றதும் அந்த ஹோட்டலே வேண்டாம் என்றுவிட்டார். "ஏழு பேரும் குளிச்சு முடிக்க மத்தியானம் ஆயிரும்வே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

போகிற ஆளிடமும் அவருக்குக் கேள்விகள் உண்டு. எங்கே போகணும், எத்தனை மணிக்கு, படி ஏறுவீங்களா, காலையில் என்ன சாப்பிடுவீங்க. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"காலையில எப்படி முழிப்பீங்க?"

கேள்வி புரியாமல் எதிரே இருப்பவர் திருதிருவென்று பார்ப்பார். ஒருவர் அலாரம் என்பார், ஒருவர் பொஞ்சாதி எழுப்புவா என்பார். எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். ஒரு தடவை, ஒன்பது மாதம் கப்பலில் இருந்து இறங்கிய தலைமை எஞ்சினியர் ஒருவருக்கு, ஜெனரேட்டருக்கு நேர் மேலே இருக்கும் அறையைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இவருக்கு என்ன பைத்தியமா என்று நினைத்தேன். "சத்தம் நின்னா எஞ்சின் நின்னு போச்சுன்னு நெனச்சு எந்திரிச்சு உக்காந்துருவாரு. அமைதியான ரூம் போட்டீர்னா அந்த மனுசன் விடிய விடிய உக்காந்துதான் இருப்பாரு" என்றார். எஞ்சினியர் ஊருக்குத் திரும்பி வந்து, ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னார். அன்றைக்கும் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்ததே தவிர பாடமாக மனதில் ஏறவில்லை.

இனி மிக்கேல் அண்ணாச்சி விஷயம்.

மிக்கேல் அண்ணாச்சி சங்கு குளித்தவர். பதினைந்து வயதிலிருந்து கடலுக்கு அடியில். பிற்பாடு கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்கவும், கப்பலைத் தள்ளும் காற்றாடியில் சிக்கிய வலையை அறுக்கவும் எங்கள் ஏஜென்சிக்கு வருவார். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். அவர் மகன் கெனிஸ்டன் எங்கள் மூலமாகத்தான் கப்பல் வேலைக்குப் போனான். இருபத்துநாலு வயது. ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு பிணைத்துக் கட்டும்போது கயிறு அறுந்து வந்து அவன் காலில் அடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் போனது. அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலை எடுத்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பையன், என் அப்பா வரட்டும், அவர் வந்த பிறகு செய்யுங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், அதற்கு மேல் தாங்காது என்றார்களாம். குடும்பத்தில் ஒருவர் வந்து போகும் செலவைக் கப்பல் முதலாளிகள் ஏற்றுக்கொண்டார்கள். அவசரம் என்று எழுதிக் கேட்டதில் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குச் சென்னையில் விசா நேர்காணல் கிடைத்தது. அன்றைக்கே விசா, மறுநாள் விமானம், வியாழக்கிழமை மகன் பக்கத்தில். கணக்கு அப்படிச் சரியாக இருந்தது.

அந்த வாரம் ஞானராஜ் சார் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். மிக்கேல் அண்ணாச்சியை நான்தான் மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசினேன். உரக்கப் பேசினேன். எங்கள் ஊரில் சங்கு குளித்தவரிடம் எல்லோருமே உரக்கத்தான் பேசுவோம். வருடக்கணக்காகக் கடலின் அழுத்தம் தாங்கிய காது அவர்களுக்கு. மீன் ஏலத்திலும் சரி, பலசரக்குக் கடையிலும் சரி, அவர்களைக் கண்டதும் நம் குரல் தானாக ஏறிவிடும். வாசலில் செருப்பைக் கழற்றுவது போல அது ஒரு பழக்கம். ஏன் கத்துகிறோம் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

"அண்ணாச்சி, நாலஞ்சு நாளா தூங்கலேன்னு அண்ணி சொன்னாங்க. நல்ல ரூமா போடுதேன். அங்கன போயி ஒரு நா நல்லா ஓய்வு எடுத்துட்டு, மறுநா காலைல போங்க!" என்று கத்தினேன்.

"எந்த ரூமுன்னா என்ன தம்பி. ஒரு பாயி போதும்" என்றார்.

"நம்ம ஆளு ஒருத்தரு விசா ஆபீஸ் வாசல்ல நிப்பாரு. நீங்க எட்டு மணிக்கு அங்கன வந்துரணும்!"

"வந்துருதேன். அவன்ட்ட வந்துருதேன்னு சொல்லிருக்கேன்லா."

அடுத்த நிமிடமே அதே வாயால் சென்னைக்குப் போன் போட்டு, சாதாரணக் குரலில், சத்தமில்லாத அறை வேண்டும் என்று கேட்டேன். எழும்பூரில் அப்போது புதிதாகத் திறந்திருந்த ஹோட்டல். இரண்டாவது மாடி, இருநூற்று ஏழாம் அறை. பின்பக்கம் பார்த்தது, தெருச் சத்தம் கிடையாது, ஏ.சி. உண்டு, ஜன்னலுக்கு இரண்டு அடுக்குத் திரை. காலை ஐந்தரைக்கு அறைக்குப் போன் செய்து எழுப்பிவிடும்படியும் சொல்லிவைத்தேன். என் மனதில், இதைவிடக் கவனமாக யாரும் செய்திருக்க முடியாது என்ற நினைப்பு. ஞானராஜ் சார் இருந்திருந்தால்கூட இப்படித்தான் செய்திருப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன். என் அகம்பாவத்தை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை எட்டே காலுக்குச் சென்னை ஆள் போன் செய்தார், பெரியவர் இன்னும் வரவில்லை என்று. ஹோட்டலைக் கூப்பிட்டேன். ஐந்தரைக்குப் போன் அடித்தோம் சார், எடுக்கவில்லை. ஆறு மணிக்கும் அடித்தோம். ஆளனுப்பிக் கதவைத் தட்டினோம், பதில் இல்லை, கிளம்பிப் போயிருப்பார் என்று விட்டுவிட்டோம் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அவருக்குக் காது கேக்காதுய்யா!" என்று கத்தினேன். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் காது கேட்காதவர் என்று நான் வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மாற்றுச் சாவி போட்டும் கதவு திறக்கவில்லை, உள்ளே தாழ் போட்டிருந்தார். ஹோட்டல் மேலாளர் புத்திசாலி. அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினார். ஏ.சி. நின்று, அறை புழுங்கி, வேர்த்துக் கொட்டிய பிறகுதான் மிக்கேல் அண்ணாச்சி எழுந்து கதவைத் திறந்தார். மணி ஒன்பது நாற்பது. மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, வாசலில் நின்ற மேலாளரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

விசா அலுவலகத்தில் அன்றைய நேரம் முடிந்துவிட்டது. எங்கள் ஆள் காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தார். அடுத்த நேரம் வரும் திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை போய்விடும்.

அன்று மாலையே நான் சென்னைக்கு முத்துநகர் ரயில் ஏறினேன். கிளம்பும் முன் ஞானராஜ் சாருக்குப் போன் செய்தேன். கல்யாண வீட்டுச் சத்தம் பின்னால் கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"எப்படி முழிப்பாருன்னு கேட்டீரா?"

"இல்ல சார்."

"அவர்ட்ட சத்தமா பேசுனீரா?"

"ஆமா சார்."

"கூடவே இரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த ஹோட்டலில் இனி அவரை விட மனமில்லாமல், மறுநாள் ராயபுரத்தில் கிடைத்த ஒரு பழைய லாட்ஜுக்கு மாற்றினேன். எங்கள் அட்டையில் அதற்கு நல்ல பேர் கிடையாது. கிழக்கே பார்த்த ஜன்னல், திரை இல்லை, ஒரு கண்ணாடி உடைந்து அட்டை ஒட்டியிருந்தது. நானும் அதே அறையில் தங்கினேன். முதல் நாள் காலை அவர்தான் என் காலைத் தட்டி எழுப்பினார். வெளியே அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"வெளிச்சம் மூஞ்சில பட்டா முழிப்பு வந்துரும் தம்பி. சின்ன வயசுலருந்து அப்படித்தான்" என்றார். பிறகு, என்னைக் குறை சொல்வதாக நினைத்துவிடக் கூடாதே என்பது போல மெதுவாகச் சொன்னார். "அந்த ரூமுல விடியவே இல்ல."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெனிஸ்டன் என் போனில் கூப்பிட்டான். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றான். குரல் அப்படியொன்றும் நடுங்கவில்லை. போனில் பேசினால் அண்ணாச்சிக்கு எதுவும் கேட்காது. அவன் சொல்வதை நான் வாங்கி அவரிடம் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் கேட்காது. அந்த லாட்ஜில் நின்றுகொண்டு, ஒரு தகப்பனிடம் சொல்லக் கூடாத சொல்லை நான் கத்திச் சொன்னேன்.

"கால எடுக்கப் போறாங்களாம் அண்ணாச்சி! இப்பவே!"

பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. துண்டோடு நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அண்ணாச்சி போனை என் கையிலிருந்து வாங்கி, காதில் வைக்காமல், வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, பயப்படாத. அப்பா வாரேன். கொஞ்சம் பிந்திட்டேன்லே. வாரேன்."

அவன் என்ன பதில் சொன்னான் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, போன் அவர் கையில் இருந்தது. திருப்பி வாங்கியபோது இணைப்பு போயிருந்தது.

திங்கட்கிழமை விசா கிடைத்தது, புதன்கிழமை போய்ச் சேர்ந்தார். அவர் முன்னாலேயே போயிருந்தாலும் கால் போயிருக்கும். டாக்டர்கள் அதில் தெளிவாக இருந்தார்கள். என்னைத் தேற்ற வந்த எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள், உண்மையும் அதுதான். ஆனால் அந்தப் பையன் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போக ஆசைப்பட்டான். அது நடக்காமல் போனதற்குக் காரணம் நான். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஞானராஜ் சார் லீவு முடிந்து வந்ததும் அந்த எழும்பூர் ஹோட்டலின் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். "எழுதும்" என்றார். 'வெளிச்சம் வராது. தானாக முழிக்க முடியாது. எழுப்ப ஆள் வேண்டும்' என்று எழுதினேன். அதன் பிறகு பணிக்காலம் முடியும் வரை யாரையும் அந்த ஹோட்டலுக்கு நான் அனுப்பவில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

ஒரு வருடம் கழித்து மிக்கேல் அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். கெனிஸ்டனுக்குச் செயற்கைக் கால் பொருத்தச் சென்னையில் நாள் குறித்திருந்தார்கள். நான் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் அவர் வலது காதுப் பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் கொஞ்சம் கேட்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். எந்த மாதிரி அறை வேண்டும், எப்படி முழிப்பான் என்றெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்கத் தயாராக இருந்தேன். அவர் என்னைக் கேட்க விடவில்லை.

"எனக்குப் போட்டியள்லா தம்பி, அந்த ரூமு. அதையே போடுங்க."

எனக்கு முகம் செத்துவிட்டது. "அது வேண்டாம் அண்ணாச்சி. வேற நல்லதாப் பாக்கேன்" என்றேன்.

"அதுதான் நல்ல ரூமு" என்றார். "ஊருக்கு வந்ததுல இருந்து பய ஒழுங்காத் தூங்கல தம்பி. கண்ணை மூடுதான், பொட்டுனு சத்தம் கேட்டா உதறி எந்திரிச்சிருதான். கயிறு அறுந்து வாரது மாரி இருக்குங்கான். நான் அன்னைக்கு அஞ்சு நாளா ஒரு பொட்டுக் கண்ணு மூடல. அந்த ரூமுல படுத்தேன், தலை சாஞ்சதுதான் தெரியும். என் ஆயுசுல அப்படித் தூங்குனது இல்ல. அவனும் ஒரு நா அப்படித் தூங்கட்டும்."

போனை எடுத்து அதே ஹோட்டலைக் கூப்பிட்டேன். இருநூற்று ஏழு காலியாக இருக்கும் நாளாகப் பார்த்து, ஆஸ்பத்திரி நேரத்தை சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று ஹோட்டலில் கேட்டார்கள். எழுப்ப வேண்டாம் என்றேன்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் காலை பதினோரு மணிக்கு ஹோட்டலிலிருந்து எனக்குப் போன் வந்தது. புது ஆள், கொஞ்சம் கோபமாகப் பேசினார். அறையைச் சுத்தம் செய்யப் போனவரை ஒரு பெரியவர் உள்ளே விட மறுக்கிறாராம். விடிந்ததிலிருந்து இருநூற்று ஏழின் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். என்ன சொன்னாலும் காதில் வாங்காமல், உதட்டில் விரலை வைத்துக்காட்டி எல்லோரையும் சத்தம் போடாமல் போகச் சொல்கிறாராம். பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

"உள்ள இருக்குற பையன் என்ன பண்ணுறான்?" என்று கேட்டேன்.

"தூங்குறார் போல சார்."

"இன்னொரு நாள் வாடகையும் எங்க பேர்ல போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அலமாரியைத் திறந்து, இன்னொரு வரி சேர்க்க அந்த எழும்பூர் அட்டையைத் தேடி எடுத்தேன்.